வின்ச் பூட்டியவர் யார்?

பெரியவன் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியை மறைக்காமல் எழுது.

காட்டுப்பாதையில் ஓட்ட நான் வாங்கிய நாலு சக்கர பைக் போன மாதம் சேற்றில் லேசாகச் சாய்ந்தது. ஹெல்மெட் போட்டிருந்தேன், கட்டைவிரல் மட்டும் வீங்கியது. வண்டியின் முன்பக்கம் நானே பூட்டிய வின்ச் என்ற இழுவை எந்திரத்தின் கம்பிவடத்தை மரத்தில் கட்டி, வண்டியை இழுத்து நிமிர்த்திவிட்டேன்.

பாலிசி புதுப்பிக்க வந்த இன்சூரன்ஸ்காரர் ஃபாரத்தைக் காட்டினார்.

"வின்ச்சை யார் பூட்டினதுன்னு கேக்குறாங்க. ஒர்க்‌ஷாப்னு போடுங்க, பெரியவரே."

"பூட்டினது நான்தானே?"

"உங்ககிட்ட சர்டிபிகேட் இல்லையே! வீம்பு பண்ணா பாலிசி வராது. பாலிசி இல்லாம காட்டுக்குள்ள விடமாட்டாங்க."

பட்டறையில் நான் பூட்டுகிற வின்ச்சுக்கெல்லாம் சூப்பர்வைசர்தான் கையெழுத்துப் போடுகிறார். அவை அடுத்தவர் வண்டிகள், பொறுத்துக்கொண்டேன். இது என் வண்டி. என் பெயரையே எழுதினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறையும் அதையேதான் எழுதியிருக்கிறேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது. வண்டி ஷெட்டில் நிற்பதால் இப்போதெல்லாம் ஞாயிறு முழுக்க அறையில்தான் இருக்கிறேன். அன்றைக்குப் போன் பண்ணு, எவ்வளவு நேரமானாலும் பேசு. ஃபாரத்தை மாற்றச் சொல்லி மட்டும் பேசாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்