மருமகளுக்குச் சீன எழுத்தில்

பாகூர்,
12 பிப்ரவரி 1934

சிரஞ்சீவி அந்தோணிசாமிக்கு,

மகன் போன துக்கத்தில் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்றும், சாம்பலைப் பரப்பிச் செய்வினை எழுதுகிறேனென்றும் ஊரில் பேச்சு. உன் வீட்டார் உனக்கும் எழுதியிருப்பார்கள். அது பொய். நீ அனுப்பிய சீன எழுத்துகளைத்தான் தாம்பாளத்துச் சாம்பலில் பழகுகிறேன்.

என் மகன் தெய்வநாயகத்தோடு சைகோனில் ஒரே ஆபீசில் இருந்த உனக்குத் தெரியாததா? அவன் மனைவி, சீனத்துப் பெண் லின்னுக்குத் தமிழும் வராது, பிரெஞ்சும் வராது. அவளையும் குழந்தை சுலோசனாவையும் என்னோடு வந்து இருக்கும்படி நான் அழைக்க வேண்டும். மாமியார் அழைப்பதை அடுத்தவர் வாயால் சொல்லக் கூடாது. கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி பட்டுப் பிரெஞ்சு படித்தவளுக்கு இது முடியாதா? ஆனால் மாலையில் எழுதியது காலையில் மறந்துபோகிறது. அங்கே பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?

ஆசீர்வாதத்துடன்,
கனகாம்பாள்

சோலோன், சைகோன்,
9 மார்ச் 1934

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

பெயர்ப்பலகை எழுதும் சீனரைக் கேட்டேன். பார்த்துப் பார்த்து வரைவதில் பயனில்லையாம். ஒருமுறை பார்த்து, மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுத வேண்டும். கோடுகளின் வரிசை மாறக் கூடாது. முழு எழுத்தை விழுங்கப் பார்க்காமல் உறுப்பு உறுப்பாகப் பிரிக்க வேண்டும். எழுத்தில் பெண்ணும் பிள்ளையும் அருகருகே நின்றால் 'நல்லது'. கூரைக்கடியில் பெண் இருந்தால் 'நிம்மதி'.

லின்னை அவள் அண்ணன் சீனாவில் காண்டனுக்கு வரச் சொல்கிறார். "அவங்க அம்மா என்னைக் கூப்பிடுவாங்களா?" என்று தன் பாஷையில் என்னிடம் கேட்டாள். நானே சொல்லிவிடட்டுமா?

அந்தோணிசாமி

பாகூர்,
2 ஜூலை 1934

சிரஞ்சீவி அந்தோணிசாமிக்கு,

சொல்லாதே. நானே எழுதிவிட்டேன். உறுப்புகளாகப் பிரித்த பிறகு எழுத்துகள் மனதில் நிற்கின்றன. கூரைக்கடியில் பன்றி நின்றால் 'வீடு' என்கிறார்கள். எனக்கு அருவருப்பு, அதனாலேயே மறக்கவில்லை. வேலைக்கு வரும் காசம்மாள் விவரம் கேட்டுவிட்டு, "இன்னா ஆயா, வூட்டுக்குள்ள பன்னியக் கட்டி வச்சிக்கீறியே" என்கிறாள்.

இத்துடன் உள்ள உறை லின்னுக்கு. ஒட்டியிருக்கிறேன், நீ பிரிக்காதே. பிழை பார்க்கவும் வேண்டாம். அவள் பெயரை எழுதி, குழந்தையோடு வீட்டுக்கு வா என்று எழுதியிருக்கிறேன். நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாதென்று சிவப்பு மையில் எழுதினேன்.

கனகாம்பாள்

சோலோன்,
6 ஆகஸ்ட் 1934

அம்மா அவர்களுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. லின் ஒருமுறைதான் பார்த்தாள். மடித்து வைத்துக்கொண்டாள். மறுவாரக் கப்பலில் குழந்தையோடு காண்டனுக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் பெயர்ப்பலகைக்காரர் சொன்னார். சிவப்பு மையில் கடிதம் எழுதினால் உறவை முறித்ததாக அர்த்தமாம். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதவே மாட்டார்களாம். எழுதும் வழியைக் கேட்ட நான் மையைப் பற்றிக் கேட்கவில்லை, அம்மா. லின் போகுமுன் அவரிடம் கடிதத்தைக் காட்டினாளாம். எழுத்தில் ஒரு பிழையும் இல்லையாம். "இவ்வளவு திருத்தமா எழுதறவங்களுக்கு மை தெரியாதா?" என்றாளாம்.

அந்தோணிசாமி

பாகூர்,
3 செப்டம்பர் 1934

சிரஞ்சீவி அந்தோணிசாமிக்கு,

உன்மேல் குற்றமில்லை. மறுபடி எழுதியிருக்கிறேன், கறுப்பு மையில். உறையை ஒட்டவில்லை. பெயர்ப்பலகைக்காரரிடம் காட்டிவிட்டு, காண்டனில் அவள் அண்ணன் விலாசத்தை விசாரித்து அனுப்பு. குழந்தைக்கென்று செய்த கட்டில் கூடத்தில்தான் கிடக்கிறது.

அவள் வரமாட்டேன் என்பதானாலும் தன் கையாலேயே எழுதட்டும். நீ தமிழாக்க வேண்டாம், நானே படித்துக்கொள்வேன். பதில் எழுதச் சொல்.

கனகாம்பாள்