திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டிய வண்டி

மே 20, புதன்

கத்திரி வெயில். காலையிலேயே வண்டி சீட்டில் கை வைக்க முடியவில்லை. கண்ணாடி இரண்டையும் கழற்றினேன். இண்டிகேட்டர்கள், சாரி கார்டு, அவையும். எல்லாம் மஞ்சள் பையில், பை ஆணியில். மண் பந்தயத்தில் இதெல்லாம் இருக்கக் கூடாதாம், உடைந்தால் பின்னால் வருகிறவனைக் கிழித்துவிடும். சாரி கார்டு இல்லாமல் வண்டி மொட்டை அடித்த ஆள் மாதிரி நிற்கிறது.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன், பிறகு மனம் வராது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமனார் வந்தார், கூட இரண்டு பெரியவர்கள், மச்சான் பிரபு. எங்கள் பக்கம் அம்மாவும் சித்தப்பாவும். காபி கொடுத்தோம். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டுப் பிரிகிறவர்களுக்காவது பேச நாலு வார்த்தை இருக்கும். முடிவு இதுதான்: கல்யாணத்துக்குச் செய்த சீரை எல்லாம் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள். பீரோ, கட்டில், அண்டா, மிக்ஸி, வண்டி. விவாகரத்துப் பத்திரம் எழுதுவதெல்லாம் அப்புறம்.

அவள் வரவில்லை.

ஞாயிறு பந்தயம். திங்கள் வண்டி போய்விடும்.

வளர்மதி என்று முழுதாக எழுதக் கை வரவில்லை. இனி வ.

மே 21, வியாழன்

கடையில் கூட்டம். பௌர்ணமி அன்னதானத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர்கள், ஒரு மஞ்சள் நீராட்டு, ஒரு கண்ணீர் அஞ்சலி. மஞ்சள் நீராட்டில் தாய்மாமன் படம் சின்னதாக வந்துவிட்டது என்று ஒரே தகராறு. "எங்க மாமாவ தபால் தலை ஆக்கிட்டியே சார்!" திரும்ப அடித்துக் கொடுத்தேன். நடுவில் எனக்கு நம்பர் ஸ்டிக்கர். 27.

போன வருடம் இந்தப் பந்தயத்துக்குப் பேனர் அடித்ததும் இதே மெஷினில்தான். சாப்பாடு கொண்டுவந்த வ. தரையில் விரித்திருந்த பேனரைக் குனிந்து படித்தாள். "நூறு சிசி வண்டியும் வரலாமாம். நம்ம வண்டி பத்தாதா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே இருவரும் ஏரிக்குப் போனோம்.

ரஃபி பாய் ஒர்க்‌ஷாப்பில் பின்டயர் மாற்றியாயிற்று. செயின் டைட். "சின்ன வண்டி பா. ஆக்ஸிலேட்டர ஜாஸ்தி திருகாத. கம்மியா குடு, விடாம குடு."

"ஜெயிக்குமா பாய்?"

"ஜெயிக்கறது இன்னாத்துக்கு? முழுசா வூடு வந்து சேரு." பிறகு, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "தங்கச்சி வருதுல்ல?"

வ.வைத்தான் கேட்கிறார். ஊருக்கே தெரியும், பாய்க்குத் தெரியவில்லை. தெரியல பாய் என்றேன். அது பொய்யும் இல்லை.

வ.வுக்கு வாட்ஸ்அப்: ஞாயிறு காலை ஒன்பது மணி, நம்ம ஏரி. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கப்பு வேண்டாம். அவள் வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றால் போதும்.

மே 22, வெள்ளி

விடியலில் ஏரி, அடி அண்ணாமலைப் பக்கம். சொட்டுத் தண்ணீர் இல்லை, வண்டல் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டேன். முன்பெல்லாம் வ. போடுவாள், கோலமாவு இழுக்கிற மாதிரி விரலிடுக்கில். நான் போட்டது கோணல்.

வலப்பக்கமாகவே சுற்றிப் பழக்கம். முதல் நாள் நான் வண்டியை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நிறுத்தியபோது அவள் சொன்னாள், "மலைய வெச்சுக்கிட்டு மாத்தி சுத்துவாங்களா? வலமா போங்க." இந்த ஊரில் கோயிலும் வலம், மலையும் வலம். ஏரி மட்டும் என்ன பாவம் செய்தது? வலது காலை நீட்டி மண்ணில் தேய்த்துத் திரும்புவதில் நான் கில்லாடி. அவள் என்னைவிடக் கில்லாடி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுவாள்.

நேரம் பார்க்க ஆள் இல்லை. போனைக் கல்லின் மேல் வைத்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா நின்று பார்த்தாள். "காலங்காத்தால இன்னாத்துக்குயா சும்மா சுத்தினு கீற? வூட்ல யாரும் இல்லியா?"

இல்லைம்மா என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு சுற்று.

போன வருடம் பந்தயத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவளுக்கு நாள் தள்ளியது தெரிந்தது. வண்டியை மூடிப் போட்டோம். "அடுத்த வருஷம் மூணு பேரா போலாம்" என்றாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. பெண். என் கையில்தான் கொடுத்தார்கள். துணி சுற்றியிருந்தது. முகம் அவளுடையது, காது மட்டும் என்னுடையது. அவளிடம் இதை நான் சொன்னதே இல்லை.

உடம்பு தேற அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. நான் போனால் காபி கொடுப்பாள். இருவரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் சொன்னாள், "அந்த வூட்டுக்குள்ள வந்தா மூச்சு முட்டுதுங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல." வேறு வீடு பார்க்கிறேன் என்றேன். "வூடு இல்லங்க" என்றாள். அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "உனக்கு இன்னா வயசாயிடுச்சு, வேற பொண்ணு…" என்று ஆரம்பித்தாள். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். பாவம் அம்மா. அவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

மே 23, சனி

மதியம் நாலு தூறல், புழுதி வாசனை. அவ்வளவுதான் மழை.

எடுத்துப்போக வேண்டியவை: ஹெல்மெட். ஷூ. பக்கத்து வீட்டுப் பையனின் கிரிக்கெட் பேடு (முழங்காலுக்குக் கட்ட). பிளக், ஸ்பேனர். தண்ணீர். எலுமிச்சம்பழம் இரண்டு.

பிரபு போன். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா சொல்லச் சொன்னாரு. வண்டிய ரேஸ்ல வுட வேணாமாம். குடுத்தா மாதிரியே வேணுமாம்."

நியாயம்தான். அவர்கள் வீட்டுப் பொருள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடங்கியதும் அவள் குரல், தூரத்திலிருந்து: "ஓட்டட்டும் வுடுறா."

அவள் குரலைக் கேட்டு எத்தனை வாரம் ஆயிற்று. பிரபு ஏதோ சொல்லிக்கொண்டே போனான், ஒன்றும் காதில் ஏறவில்லை.

நீலச் சட்டையை இஸ்திரி போட்டேன். புழுதியில் புரளப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரி? அவள் வருவாள்.

மே 24, ஞாயிறு

ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்து விரல் மடங்கவில்லை, எழுத்து இப்படித்தான் இருக்கும்.

எட்டு மணிக்கு ஏரி. டிராக்டர் விட்டு மேடு பள்ளம் போட்டிருந்தார்கள். சைக்கிளில் ஐஸ், நுங்கு, பஜ்ஜிக் கடை. வெளியூர்ப் பையன்கள் உடம்பெல்லாம் கவசத்தோடு, ஆளுயர வண்டிகளோடு. ஒருவன் என் கிரிக்கெட் பேடைப் பார்த்து, "அண்ணா, ஒன் டவுனா ஓப்பனிங்கா?" என்றான். நானும் சிரித்தேன். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

அப்போதுதான் அம்புக்குறிப் பலகையைப் பார்த்தேன். இடப்பக்கம். அடுத்ததும் இடப்பக்கம். எல்லாமே.

கொடிக்காரரிடம் ஓடினேன். "சார், இந்தப் பக்கமாவா சுத்தணும்?"

"ஆமா, ஏன்?"

ஏன் என்று எதைச் சொல்வது? பழகிய நாட்களில் ஒரு தடவைகூட இடப்பக்கம் சுற்றிப் பார்க்காத முட்டாள் நான் என்றா?

கொடி விழுந்தது. முதல் திருப்பத்தில் பழக்கதோஷம், வலது கால் தானாக வெளியே வந்தது. வண்டி இடது பக்கம் சாய, கால் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே படுத்தேன். மைக்கில், "நம்ம ஊரு ஏழுமலை அண்ணன்! சின்ன வண்டி! எழுந்துட்டாருப்பா!" மூன்றாவது சுற்றில் மறுபடியும். கியர் லீவர் வளைந்து எஞ்சினில் இடித்தது. கையால் இழுத்து நிமிர்த்தினேன். முழங்கை தோல் போயிற்று. பெரிய வண்டிகள் என்னைச் சுற்றி வளைத்துத் தாண்டின, வாயெல்லாம் மண்.

ஒவ்வொரு சுற்றிலும் கயிற்றோரம் பார்த்தேன். மஞ்சள் புடவை ஒன்று தெரிந்தது. அடுத்த சுற்றில் அது வேறு யாரோ. பார்த்த நேரத்தில்தான் இரண்டாவது முறை விழுந்தேன்.

நிறுத்திவிடலாம் என்று இருந்தது. "ஓட்டட்டும்" என்று சொன்னாளே. கடைசியாக வந்தேன். ஆனால் வந்தேன். எனக்காகக் கொடியைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். ஒரு நுங்குக்காரர் காசு வாங்காமல் நுங்கு வெட்டிக் கொடுத்தார். கூட்டம் கலையும்வரை, பந்தல் பிரிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவள் வரவில்லை.

மே 25, திங்கள்

வெள்ளி முளைக்கும் முன்பே எழுந்து வண்டியைக் கழுவினேன். கண்ணாடி, சாரி கார்டு மாட்டியாயிற்று. வலது இண்டிகேட்டர்கள் சரி. இடது பக்கம் மாட்டுகிற பட்டையே நசுங்கிவிட்டது, நிற்கவில்லை. கியர் லீவரில் வளைவு தெரிகிறது. மாமனாரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மினி லாரி வந்தது. மாமனார் வரவில்லை. பிரபு இறங்கினான். அவனுக்குப் பின்னால் அவள்.

இளைத்திருக்கிறாள். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தாள். பீரோவைத் தூக்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம். "உள்ள இன்னா சார், எதனா ஒடையற பொருளா?" என்று லோடுமேன் கேட்டார். வளைகாப்பு வளையல்கள். மேல்தட்டில் வைத்தது, நான் எடுக்கவே இல்லை. பிரபு சும்மா கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். கியர் லீவரைத் தொட்டாள். என் முழங்கையைப் பார்த்தாள்.

"எடது பக்கம் வுழுந்தீங்களா?"

"ரெண்டு வாட்டி."

"எல்லாத் திருப்பமும் எடதா?"

"எல்லாம்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒரு நாளாச்சும் எடது பக்கம் சுத்தினோமா நாம?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம், பிரபு பயந்துபோய்ப் பார்த்தான். அவள் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டினேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"பாப்பாவுக்கு உன் முகம்" என்றேன். இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது. "காது மட்டும் என்னுது."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெரியும். நானும் பாத்தேன். நீங்க தூங்கறப்போ நர்ஸம்மா காட்டினாங்க." நான் தூங்கினேனா அன்று?

வண்டியை லாரியில் ஏற்ற இடம் இருந்தது. "நான் ஓட்டினு வரேன்" என்றாள். கியரைக் கொஞ்சம் தூக்கிப் போடு என்றேன், தெரியும் என்றாள். புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் உதையில் பிடித்தது.

எங்கள் தெருமுனையில் வலது பக்கம் போனால் கிரிவலப் பாதை, ஏரி. இடது பக்கம் கீழ்பென்னாத்தூர் ரோடு. வளர்மதி அங்கே நிறுத்தினாள். நான் வாசலில் நின்றேன். இண்டிகேட்டர் இல்லாததால் இடது கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.