பதினோரு சந்திப்புகள்

மார்ச் 6, திங்கள்

சிறையை நடத்தும் கவுண்டி நிர்வாகத்தின் வக்கீல் லாங்ஃபோர்ட், என் கூலி மனுவுக்குப் போட்ட ஆட்சேபம் இன்று வந்தது. நாற்பத்திரண்டு பக்கம். இரண்டு வருடம் வழக்கை இழுத்தடித்த மனிதர், நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் என்கிறார்!

சிறையில் மகனைப் பார்க்கப் போன மிஸ் ஆர்டெல்லை ஆடை களையச் சொல்லிச் சோதித்தார்கள். அறுபத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். உரிமை மீறல்தான் என்று ஜூரி சொல்லிவிட்டது. இழப்பீடு நாலாயிரம் டாலர். அவரிடம் நான் ஒரு காசு வாங்கவில்லை. ஜெயித்தால் தோற்றவன் என் கூலியைத் தர வேண்டும், அதுதான் சட்டம். எத்தனை மணி நேரம் நியாயம், மணிக்கு எவ்வளவு நியாயம் என்பதை நீதிபதி முடிவு செய்வார்.

மார்ச் 9, வியாழன்

நீதிமன்ற நடையில் லாங்ஃபோர்ட், கூட இருந்தவர்கள் காதில் விழும்படி:

"பதினோரு தடவை போயிருக்கீங்களே மேடம்! அந்தம்மா வீட்டு கேக் அவ்வளவு ருசியோ?"

சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 14, செவ்வாய்

தப்பு என்னுடையதுதான். நேரக் குறிப்பில் பதினோரு முறையும் ஒரே வரி: "கட்சிக்காரருடன் பேச்சு, 3 மணி." இப்படி எழுதினால் எந்த நீதிபதியும் நம்பமாட்டார் என்று முதல் வருடமே சொல்லிக்கொடுப்பார்கள். தெரிந்தேதான் எழுதினேன். நேரக் குறிப்பு ஒருநாள் நீதிமன்றக் கோப்பில் ஏறும், ஊர் படிக்கும். அந்தச் சோதனை அறையில் நடந்ததைச் சொல்ல மிஸ் ஆர்டெல்லுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

மார்ச் 22, புதன்

விசாரணை. நீதிபதி கோபப்படவில்லை. அதுதான் மோசம். அந்த முப்பத்து மூன்று மணி நேரத்துக்குப் பத்து நாளில் விளக்கம் வேண்டுமாம். இல்லையென்றால் என் குறிப்பு எதையும் நம்ப முடியாது, மொத்தக் கூலியில் பாதியை வெட்டுவாராம்.

பாதி போனால் அலுவலகத்தைச் சாத்த வேண்டியதுதான். இந்தக் கவுண்டியில் சிறை மேல் வழக்குப் போட வேறு யார் இருக்கிறார்கள்?

விளக்கமாட்டேன். வெட்டட்டும். அவமானப்பட்டவள் தன் அவமானத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டுமா? அதுதான் 'நியாயமா'? நாசமாய்ப் போக!

மார்ச் 29, புதன்

மிஸ் ஆர்டெல்லுக்கு யார் சொன்னார்களோ, அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"எனக்கு வெக்கமா இருக்கும்னு நீயா முடிவு பண்ணிட்டியா?"

"அது பொதுக் கோப்புல போகும், மிஸ் ஆர்டெல். ஒரு தடவை போனா திரும்ப எடுக்க முடியாது."

"பஸ் ஓட்றவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். எங்க கையெழுத்துப் போடணும், காட்டு."

கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதியிருந்தார்:

"மொத தடவை நான் கதவத் தொறக்கல. வக்கீலம்மா மூணு மணி நேரம் படியில உக்காந்திருந்தாங்க. ரெண்டாவது தடவை மழையப் பத்திப் பேசினோம். அஞ்சாவது தடவை, குளிக்கறப்ப வெளக்க அணைச்சிக்கிறேன்னு சொன்னேன். எட்டாவது தடவை பாதி சொன்னேன். பதினோராவது தடவை மீதி. அவசரப்படுத்தியிருந்தா வழக்கே இருந்திருக்காது."

ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. தட்டச்சு செய்து, சத்தியம் செய்யவைத்து, கையெழுத்து வாங்கினேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

உத்தரவு வந்தது. முப்பத்து மூன்று மணி நேரமும் அப்படியே. கூலியை மட்டும் மணிக்கு முந்நூற்றைம்பதிலிருந்து இருநூற்றறுபதாகக் குறைத்துவிட்டார். சின்ன ஊர் வக்கீலுக்கு அது போதுமாம். என் மூளையும் சின்ன ஊர் மூளை போலிருக்கிறது. ஆனாலும் அலுவலகம் நிற்கும்.

மிஸ் ஆர்டெல்லின் வரிகளை உத்தரவில் முழுசாக எடுத்துப் போட்டிருக்கிறார் நீதிபதி. குளியலறை விளக்கு உட்பட.

ஏப்ரல் 23, ஞாயிறு

உள்ளூர்ப் பத்திரிகை அதை அச்சிட்டிருக்கிறது. நாங்கள் இருவரும் போகும் தேவாலயத்துக்கு மிஸ் ஆர்டெல் இன்று வரவில்லை.

மே 28, ஞாயிறு

அவர் தேவாலயத்துக்கு வராமல் இன்றோடு ஆறு ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். அவர்தான் முதலில் கேட்டார்:

"ஆபீஸ் வாடகை கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"அப்ப சரி."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.