நான்கு அறைகள் காலியாக இருந்தன

1949 ஜூலை 12, செவ்வாய்
வெயில் நூற்றைந்து டிகிரி. எங்கள் நெடுஞ்சாலையோர மோட்டலின் எட்டு கேபின் அறைகளில் நான்கு காலி. துவைத்த விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்பினத் தம்பதி பச்சை நிறக் காரில் வந்தார்கள். அந்தப் பெண் நிறைமாதம். கணவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி, "ஒரு ராத்திரி போதும்மா. விடியறதுக்குள்ள கிளம்பிடுவோம்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் கிளைட் வெளியே வந்து, இடமில்லை என்றுவிட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் விரிப்பை உதறினேன்.

ஜூலை 14
பெட்ரோல் பங்க் ஃபிளாய்ட் சொன்னார்: நாற்பது மைல் தள்ளி, சாலையோரம் நின்ற காருக்குள்ளேயே ஒரு கறுப்பினப் பெண்ணுக்குப் பிரசவமாம். தாய் பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை.
அவர்கள்தானா? வேறு யாராகவும் இருக்கலாமே— இல்லை. பச்சை நிறக் கார் என்றார்.

ஜூலை 15
சாப்பிட முடியல.

ஜூலை 20
கிளைடிடம் கேட்டேவிட்டேன். அவர் கத்தவில்லை. "நான் என்ன கொலையா பண்ணினேன், லொரீன்? அவங்கள உள்ள விட்டா வெள்ளைக்காரங்க ஒருத்தரும் தங்கமாட்டாங்க. இந்த ரோடு முழுக்க அப்படித்தான்."
உண்மைதான். ரோடு முழுக்க அப்படித்தான். ஆனா அவரை மட்டும் எதுக்குக் கேக்கறேன்? நான் என்ன ஊமையா?

ஆகஸ்ட் 6
கிளைட் தண்ணீர்ப் பம்புக்குச் சாமான் வாங்க டல்சா நகரத்துக்குப் போயிருந்தார். மதியம் ஒரு கறுப்பின ஆசிரியை, வயதான தகப்பனாரோடு வந்தாள். மூன்றாம் கேபின் சாவியைக் கொடுத்தேன். ஐந்தாம் கேபினில் இருந்த வெள்ளைக்காரர் அதைப் பார்த்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் திரும்பிய கிளைட், உடனே அவர்களை வெளியேற்றச் சொன்னார்.
"அப்ப நானும் அவங்களோடயே போயிடறேன்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை?

ஆகஸ்ட் 19
அந்த ஆசிரியை தங்கிப் போன பிறகும், வந்த கறுப்பினத்தவருக்கெல்லாம் சாவி கொடுத்தேன். யாரோ ஆபீஸ் ஜன்னலைக் கல்லால் அடித்து உடைத்திருக்கிறார்கள். கிளைட் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். புத்தி வந்தால் கடிதம் போடு என்றார்.

அக்டோபர் 2
எட்டு கேபினும் நிரம்பிவிட்டன. சிகாகோவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க சர்ச்சுல எல்லாரும் உங்களைப் பத்தித்தாம்மா பேசறாங்க. வந்தவங்களை நீங்க திருப்பி அனுப்பினதே இல்லையாமே."
துண்டுகளைக் கொடுத்தேன். சோப்பு உள்ளே இருக்கிறது என்றேன். அந்தப் பச்சைக் காரைப் பற்றிச் சொல்லாமல், கொடியிலிருந்த விரிப்பை எடுத்து உதறினேன்.