ஏறி வந்த லொறி

ஜூலை 12, ஞாயிறு

இருபது வருடமாகத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறேன். இன்று மகள் சுபாவின் போனில் பஸ் ஓட்டும் கேம் விளையாடி, முதல் வளைவிலேயே பயணிகளோடு பள்ளத்தில் விழுந்தேன். அதுவும் மூன்று தடவை.

"இந்த பஸ்ல அம்மாவ மட்டும் ஏத்திறாதீங்கப்பா" என்று சிரித்தாள்.

பிறகு அவள் ஓட்டினாள். இறக்கத்தில் வந்தவள், எதிரே ஏறி வந்த லொறிக்காக ஓரங்கட்டி நின்றாள். நின்றதால் பாயிண்ட் குறைந்தது.

"ஏன் புள்ள நிப்பாட்டுன?"

"ஏறி வர்ற வண்டிக்குத்தானே வழி விடணும்? நீங்க அப்படித்தானே நிப்பாட்டுவீங்க."

லைசன்ஸ் எடுக்கவேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த மலை ரோடு சரிவராது என்று தட்டிக்கழித்தவன் நான்தான். மூன்று தடவை பள்ளத்தில் கிடந்தவன் பேசுகிற பேச்சா அது?

"போனைச் சார்ஜ்ல போடு" என்று மட்டும் சொன்னேன். 'நாளைக்கே லைசன்ஸுக்கு எழுதிக் குடுப்போம், பக்கத்து சீட்டுல நான் வர்றேன்' என்பது வாயிலேயே நின்றுவிட்டது.