நெல் காய்ந்த வளைவு

என் உயிரை வாங்கிவிட்டுத் தன் உயிரையும் விட்ட மச்சான் கஜனுக்கு,

நீ சுகமா என்று கேட்க முடியாது. எனக்குச் சுகமில்லை. வலது கை விரல்மொளிகள் வீங்கிக் கிடக்கின்றன. பேனையைப் பிடிக்கவே நோகிறது. ஏன் வீங்கின என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாசியில் ஸ்கந்தபுரத்தில் நடக்கும் வருடத்தின் முதல் சைக்கிள் ஓட்டம் இந்த முறையும் நடந்தது. நீ விழுந்த அதே பாதை, அதே பத்து வட்டம். நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். உன் படத்துக்கு மாலை போட்டார்கள், கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்கள், பிறகு விசிலை ஊதிவிட்டார்கள். அந்த விசிலைப் பிடுங்கி ஊதியவனின் தொண்டைக்குள் அடைக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நானும்தானே பெடலில் காலை வைத்துக்கொண்டு நின்றேன். யாரைக் கோபிப்பது?

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கப்போகிறார்கள். ஆகவே அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீ என் தங்கை றெஜினாவைக் கட்டியவன். அதற்கு முன்பு என் எதிரி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், தண்ணீரூற்றில் நடந்த போட்டியில் என்னை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டு வென்றாய். உன்னை அடிக்கத் தேடித் திரிந்த என்னைச் சமாதானப்படுத்த வீட்டுக்கு வந்தாய், வந்த இடத்தில் தங்கச்சியைப் பார்த்தாய். வாய்க்காலுக்குள் விழுந்தது நான், கலியாணம் கட்டியது நீ. கடற்கரை வேதக்காரப் பெண்ணுக்கு வயல்காரச் சைவப் பெடியன் எதற்கு என்று இரண்டு பக்கமும் சன்னதம் ஆடினார்கள். எனக்கு மட்டும் நீ பிடித்துப்போனாய். என்னை அவ்வளவு அழகாகத் தள்ளியவன் வேறு யாருமில்லை.

வருடத்தின் முதல் ஓட்டம் எப்போதும் அப்படித்தான் இருக்கும், இல்லையா? மழைக்காலம் முழுக்கச் சைக்கிளைத் தொடாதவன்கூட வந்து நிற்பான். காலில் பலம் ஏறியிருக்காது, கோபம் மட்டும் ஏறியிருக்கும். முழங்கையால் இடிப்பார்கள், சில்லோடு சில்லைக் கொண்டுவந்து உரசுவார்கள், ஏற்றத்தில் முன்னால் போகிறவனின் சீற்றைப் பிடித்து இழுப்பார்கள். அந்த இழுவையில் நீ விண்ணன். செத்துப்போனாய் என்பதற்காக உன்னைப் புனிதர் ஆக்க மாட்டேன்.

போன வருடம் ஒன்பதாவது வட்டம். உன் வீட்டு வாசலுக்கு முன்னாலுள்ள வளைவு. காலபோக அறுவடை முடிந்த நேரம், தார் ரோட்டில் பாதியைப் பிடித்து உங்கள் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வன்னியில் யார்தான் ரோட்டில் காயப்போடவில்லை? வாகனம் ஏறாமலிருக்க நெல்லின் ஓரத்தில் கல் அடுக்குவதும் வழக்கம்தான். போட்டியை நடத்துகிறவர்கள் வந்து அள்ளச் சொன்னபோது, நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது, மிச்சப் பாதியில் ஓடலாம் என்று நீயே சொல்லி அனுப்பினாய். உன் ஊர், உன் வளைவு, கண்ணை மூடிக்கொண்டு திரும்புவேன் என்று எனக்கும் சொன்னாய். வேர்க்கிறது என்று ஹெல்மெற்றைக் கழற்றி உன் வீட்டு மதிலில் வைத்துவிட்டு வந்து நின்றாய்.

வளைவில் புதுக்குடியிருப்புச் சுதன் உன்னை முழங்கையால் இடித்தான். நான் பின்னால் வந்தேன், கண்ணால் கண்டேன். உன் முன்சில்லு நெல்லில் ஏறியது. உன் தலை கல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். பொலிஸ் வந்து அளந்தது, விபத்து என்று எழுதி முடித்தது.

முப்பத்தோராம் நாளோடு றெஜினா அழுகையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவளிடம் ஒரே கதைதான், சுதன். சோற்றைப் போடும்போதும் சுதன், மாட்டை அவிழ்க்கும்போதும் சுதன். தை முடியும்போது உன் சைக்கிளைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, என் கையில் தந்தாள்.

"அந்த வளைவிலை வைச்சு அவனை விழுத்திப்போட்டு வா அண்ணா. விழுத்தாமல் வந்தியெண்டால் இந்தப் படலை உனக்குத் திறக்காது."

நான் தயங்கினேன் என்று நினைக்காதே. சந்தோசமாகத் தலையாட்டினேன். விடிய வலையைப் பிடித்த கையோடு சைக்கிளில் ஏறி ஒவ்வொரு நாளும் ஓடினேன். வெல்வதற்காக இல்லை. கனவில்கூட அவனை நெல்லுக்குள் தள்ளினேன், எழும்பினான், திரும்பவும் தள்ளினேன். பூசைக்குப் போய் முழந்தாளில் நின்றபோதும் அதையேதான் கேட்டேன். கடவுள் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சுதன் வந்தான். மேசன் வேலை செய்து முறுகியிருந்த உடம்பு ஒட்டிப்போய் இருந்தது. ஹெல்மெற் இல்லை. சனம் அவனைப் பார்த்துக் குசுகுசுத்தது, யாரோ காறித் துப்பினார்கள். அவன் வந்து எனக்குப் பக்கத்திலேயே நின்றான்.

முதல் வட்டத்திலேயே கிளிநொச்சிப் பெடியன் ஒருவன் என் விலாவில் இடித்தான். நான் திருப்பி இடித்த இடியில் அவன் வேலிக்குள் போனான். அவ்வளவு வெறி எனக்கு. அந்த வளைவில் இந்த முறையும் உன் வயல் நெல்தான் காய்ந்தது. போட்டியை நடத்துகிறவர்கள் கெஞ்சியும் அள்ள மாட்டேன் என்று றெஜினா நின்றிருக்கிறாள். ஓரத்தில் ஒரு கல்கூட இல்லை. அதை நான் கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஒன்று விளங்கவில்லை. ஒவ்வொரு வட்டத்திலும் வளைவு வர வர, சுதன் தானாகவே நெல்லுப் பக்கம் ஒதுங்கி எனக்கு வாகாக வந்தான். என்னை முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஒன்பதாவது வட்டத்தில் வாயைத் திறந்தான்.

"விழுத்துறதெண்டால் விழுத்துங்கோ அண்ணை. நான் பிடிக்க மாட்டன்."

அவன் சட்டையைத் தோளோடு சேர்த்துப் பிடித்தேன். தள்ளுவதற்காகத்தான் பிடித்தேன் மச்சான், சத்தியமாக. அந்த நேரம் பார்த்து அவன் இரண்டு கையையும் ஹாண்டிலில் இருந்து எடுத்துவிட்டான். கண்ணையும் மூடிக்கொண்டான். இனி நான் தள்ளத் தேவையில்லை, விட்டாலே போதும். என் கை விடவில்லை. வலை பாரமாகும்போது இறுகுமே, அப்படி இறுகிவிட்டது. அந்த வளைவு முழுக்க அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எல்லாரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். பிடியடா ஹாண்டிலை என்று நான் கத்திய கத்தில் தொண்டை கிழிந்தது.

வளைவு தாண்டியதும் இரண்டு சைக்கிளும் சரிந்தன. எழும்பி அவன் முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்தது. திரும்பவும் குத்தினேன். கையைத் தூக்கித் தடுத்திருந்தால் நிறுத்தியிருப்பேன், அவன் தடுக்கவே இல்லை. சனம் வந்து என்னை இழுத்துப் பிடித்தபோது அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான், "இடிச்சனான் அண்ணை. எல்லாரும் இடிக்கிறதுதானே. விழுவார் எண்டு நான் நினைக்கேல்லை."

எனக்கு அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைத்துக்கொள்வது? நீ இருந்தால் ஏதாவது பகிடி விட்டிருப்பாய்.

றெஜினா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் போனபோது படலை பூட்டியிருந்தது. தூக்கித் திறந்துகொண்டு உள்ளே போனேன். ஏன் பிடித்தாய் என்று கேட்டாள். தெரியாது என்றேன். கன்னத்தில் அறைந்தாள். பிறகு நெஞ்சில், தோளில், கை ஓயும்வரை அடித்தாள். சின்ன வயதில் நான் அவளுக்கு அடித்ததற்கெல்லாம் வட்டியோடு வாங்கிக்கொண்டேன் என்று வை. கடைசியில் நிலத்தில் குந்திவிட்டாள்.

"அந்தக் கல்லை வைச்சது நான், அண்ணா. லான்ட்மாஸ்டர் உழவு மெசின் நெல்லிலை ஏறிப்போட்டுது எண்டு, சின்னக் கல்லை எடுத்துப்போட்டுப் பெரிய கல்லு வைச்சனான். அவர் வேண்டாமெண்டு சொன்னவர்."

உண்மையா மச்சான்? வேண்டாம் என்று சொன்னாயா? சொன்னாலும் சாதாரணமாகத்தானே சொல்லியிருப்பாய், கல்லைப் பார்த்துவிட்டு, இது என்ன கோயில் கட்டவா என்று கேட்டிருப்பாய். அதை ஒரு வருடமாக அவள் விழுங்கி வைத்திருந்தாள். சுதன் விழுந்திருந்தால், கொன்றவன் அவன்தான் என்று ஆகியிருக்கும். அவளால் ஓர் இரவாவது நித்திரை கொண்டிருக்க முடியும். நான் அதைக் கெடுத்துவிட்டேன்.

இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். உன் அம்மாவுக்கு நேரே சொல்ல நா எழவில்லையாம், பேப்பரில் வந்தால் மாமி வாசிக்கட்டும், பிறகு நடப்பது நடக்கட்டும் என்கிறாள். மாமி, நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால் ஒன்றுதான் கேட்கிறேன். திட்டுவதென்றால் வீட்டுக்கு வந்து, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திட்டுங்கள். தூரத்தில் இருந்து திட்டாதீர்கள்.

சுதன் ஆளனுப்பிக் கேட்டிருக்கிறான், வீட்டுக்கு வரலாமா என்று. றெஜினா வரச் சொல்லிவிட்டாள். சொன்னபோது அவள் முகத்தை நீ பார்த்திருந்தால் பயந்திருப்பாய். அவளுடைய கல்லா, அவனுடைய முழங்கையா என்று அவள் கேட்கப்போகிறாள். என் முழங்கைதான் அக்கா என்று அவன் சொல்லுவான். உண்மையோ பொய்யோ, சொல்லத்தான் வருகிறான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. குசினிக்குள் இருந்த கத்தியை எல்லாம் எடுத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன், கஜன். உனக்கு வாக்குத் தருகிறேன். அவனை அவள் அடித்தால் தடுக்க மாட்டேன், கொல்ல விடமாட்டேன். அவன் போன பிறகும் அந்த வீட்டை விட்டு நான் அசைய மாட்டேன். தன்னைத்தானே கொல்லவும் அவளை விடமாட்டேன்.

உன் பெண்சாதியின் அண்ணன்,
நீ வாய்க்காலுக்குள் தள்ளிய மச்சான்,
யூட்