கண்ணாடி அறையின் தாழ்ப்பாள்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் அவனும்தான். நீயும் உன் அக்கா குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். அம்மா கைப்பட எழுதினால் உன் மனசு இளகும் என்று அவன் சொன்னான். என் கையெழுத்தைப் படித்து முடிப்பதற்குள் உனக்குக் கோபமே ஆறிவிடும் என்று கிண்டல் வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் கல் பாவிய தளம் இருக்கிறதே, நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பாடம் நடத்துவாயே, அந்த இடத்தை அவன் அறையாக மாற்றுகிறான். மூன்று பக்கமும் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி. தூறல் விழுந்தால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நீ உள்ளே ஓடிவர வேண்டாம். தூசி இல்லை, கொசு இல்லை. பக்கத்து வீட்டு நாய் நீ பாடம் எடுக்கும்போதுதான் உயிர் போகிற மாதிரி குரைக்கும், இனி அந்தச் சத்தமும் கேட்காதாம். காலை வெயில் நேரே உள்ளே விழும். "எல்லாம் அவளுக்காகத்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறான்.

வேலை மும்முரமாக நடக்கிறது. தண்ணீர் வடிவதற்காகத் தளம் சரிவாக இருந்ததல்லவா, கொத்தனார் அதை நிரவி, வீட்டுத் தரையோடு ஒரே மட்டத்துக்கு உயர்த்திவிட்டார். சிமெண்ட் தூசி சோற்றுப் பானை வரைக்கும் வந்துவிட்டது. பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். நேற்று அலுமினியச் சட்டங்கள் வந்து இறங்கின. கண்ணாடிக்காரர் நல்ல மனிதர், ஆனால் டீ உள்ளே போனால்தான் அவருக்கு அளவு நாடா வெளியே வருகிறது.

உன் பூந்தொட்டிகளைத் தோட்டத்துச் சுவரோரமாக மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டு உடைந்துவிட்டன. மற்றவை நன்றாக இருக்கின்றன, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அவன் மிகவும் மாறிவிட்டான். இப்போதெல்லாம் கோபமே வருவதில்லை. செய்தது தவறு என்று உணர்ந்துவிட்டான். நீ இல்லாமல் இந்த வீட்டில் வெளிச்சம் இல்லை. நடந்ததை மறந்து, பெரிய மனதோடு வந்து சேர வேண்டும்.

அன்று அவசரத்தில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். அதைத் திருப்பிக் கொடுக்கவாவது வா.

ஆசிகளுடன்,
உன் அத்தை


வாயாடிக்கு,

இந்தப் பெயரைப் பார்த்ததுமே இது நானாக எழுதுகிற கடிதம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். வாயே திறக்காத மருமகள் வந்து வாய்த்தாளே என்று நான் வைத்த பெயர். முதல் கடிதத்தில் அப்படிக் கூப்பிட முடியவில்லை. எழுதி முடிக்கும்வரை அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். 'மாறிவிட்டான்' என்கிற பத்தி அவன் சொல்லச் சொல்ல எழுதியது. பெரிய மனது, வெளிச்சம் என்றெல்லாம் நான் எப்போது பேசியிருக்கிறேன்? தொட்டிகளும் தானாக உடையவில்லை. கொத்தனார் வரத் தாமதமான அன்று உடைந்தன.

ஆனால் நீ வர வேண்டும் என்று எழுதியது பொய் இல்லை. நீ இல்லாமல் நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் அன்று வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். இப்போது எழுதுவதை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கப் போகிறேன். என் போனை அவன் தினமும் எடுத்துப் பார்க்கிறான், அதில் எதுவும் அனுப்பாதே.

அறை வேகமாக எழும்புகிறது. தளத்திலிருந்து பக்கத்துச் சந்துக்கு இறங்க ஒரு படி இருந்ததே, அன்று அவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தபோது நீ இறங்கி ஓடினாயே, அந்தப் படியை மறித்து இப்போது கண்ணாடி நிற்கிறது. வெளிக்கதவு எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கண்ணாடிக்காரர் கேட்டார். கதவே வேண்டாம், திருட்டுப் பயம் என்றான் இவன். சரி, திறக்கிற மாதிரி ரெண்டு ஜன்னலாவது வைங்க சார், இல்லேன்னா உள்ளே வெந்துரும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஏசி போட்டுக்கிறேன் என்று இவன் முடித்துவிட்டான். எல்லாம் திறக்க முடியாதபடி பதித்த கண்ணாடி.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஹாலுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கிற, கண்ணாடி பதித்த பின்கதவு உனக்குத் தெரியும். தளம் வெட்டவெளியாக இருந்ததால் அது வீட்டின் வெளிக்கதவு, தாழ்ப்பாள் ஹால் பக்கம் இருக்கிறது. இப்போது தளம் அறையாகிவிட்டது, தாழ்ப்பாள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்ததில்லை, வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஆனால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவளால் அதைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஹாலில் இருப்பவனால் இரண்டும் முடியும்.

அதைக் கழற்றி உள்பக்கம் மாட்டச் சொல்லடா என்றேன். சிரித்தான். "ஏம்மா, என் பொண்டாட்டி எதுக்கு உள்ளே தாழ் போட்டுக்கணும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியும். அடுப்பில் பால் இருக்கிறது என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

எனக்குத்தான் வயதாகி எதைப் பார்த்தாலும் சந்தேகமாகிவிட்டதோ என்னவோ. ஒரு பக்கம் அவன் உனக்காக ஓடியாடிச் செய்வதைப் பார்த்தால் பெற்ற மனம் குளிர்கிறது. இன்னொரு பக்கம் ஓர் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டாலும் திடுக்கிடுகிறேன். எப்படியாவது பேசி அந்தத் தாழ்ப்பாளை மாற்ற வைக்கிறேன். அதுவரை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் அத்தை


வாயாடி,

நலம் விசாரிக்க நேரம் இல்லை. நேற்று அவன் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தான். ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாயாம். அறையின் படத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதையும் காட்டினான். கண்ணில் தண்ணீர் அவனுக்கு. காலையில் எழுந்து காரைக் கழுவிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். என் இரண்டாவது கடிதம் உனக்கு வந்து சேரவில்லையா, வந்தும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட்டாயா தெரியவில்லை. இதையாவது நம்பு.

அறை அழகாகத்தான் இருக்கிறது, அதில் பொய் இல்லை. போன வாரம் வேலை முடிந்ததும் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனான். தரையெல்லாம் வெயில். உனக்கென்று மேசையும் நாற்காலியும் போட்டிருந்தான். நாற்காலி தோட்டத்தைப் பார்த்து இல்லை, ஹாலைப் பார்த்து இருந்தது. சோபாவில் உட்கார்ந்தால் உன் முகம் தெரிய வேண்டுமாம். தோட்டத்தைப் பார்க்கத் திருப்பிப் போடு என்றேன். அதோடு விட்டிருக்கலாம், எனக்கு ஏது அந்தப் புத்தி? தாழ்ப்பாள் பேச்சை மறுபடி எடுத்தேன். "இதுக்குள்ளே அந்தப் பொண்ணு மாட்டிக்குவாடா" என்று சொல்லிவிட்டேன்.

அவன் முகம் மாறியது. எந்த முகம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்தவில்லை. மெதுவாக வெளியே போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கார் கிளம்புகிற அதிர்வு காலில் தெரிந்தது.

விளையாடுகிறான், திரும்பி வருவான் என்று முதலில் நினைத்தேன். வெயில் ஏற ஏறத் தலைக்கு மேல் கண்ணாடி கொதித்தது. ஏசி ரிமோட் ஹாலில், சோபாவின் மேல் கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினேன், கூப்பிட்டேன், அவனைத் திட்டினேன், பிறகு அவனையே கெஞ்சினேன். தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நாய் முன்னங்காலைச் சுவரில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் குரைத்தது. வாய் திறந்து மூடுவது தெரிகிறது, சத்தம் இல்லை. அப்போதுதான் உறைத்தது, அது குரைப்பது எனக்குக் கேட்கவில்லை என்றால் நான் கத்துவதும் வெளியே ஒருவருக்கும் கேட்காது. உன் மேசைக்கு அடியில் கொஞ்சம் நிழல் இருந்தது. அதில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டேன்.

மதியம் சாப்பிட வந்தபோது திறந்தான். என் நிலையைப் பார்த்ததும் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். முகத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீ ரொம்பப் படபடப்பா இருந்தேம்மா, கொஞ்சம் தனியா இருந்தா சரியாயிடும்னு நினைச்சேன், உன் நல்லதுக்குத்தான்" என்றான். மறுநாள் எனக்கு ஒரு சாய்வு நாற்காலி வந்து இறங்கியது. அந்த அறையில் போட்டுக்கொள்ளவாம். உன் வளையல், கைக்கடிகாரம், கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் எதற்கு மறுநாள் வந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை.

இன்று காலை அவன் கிளம்பியதும் கண்ணாடிக்காரரை வரவழைத்தேன். சந்துப் பக்கம் இருக்கிற ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே கதவு வையுங்கள், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும் என்றேன். சாரைக் கேக்காம எப்படிம்மா என்று தயங்கினார். அவர் தயங்கி நின்ற இடத்தில்தான் கண்ணாடியில் என் உள்ளங்கை அச்சுகள் இருந்தன, மேலிருந்து கீழே வரை இழுத்த மாதிரி. நான் துடைக்காமல் விட்டிருந்தேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்று டீகூடக் கேட்கவில்லை, வேலையை ஆரம்பித்துவிட்டார். அவர் கதவு மாட்டும்போது அந்த மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாற்காலியைத் தோட்டத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவரே இதை அவசரத் தபாலில் சேர்த்துவிடுவார்.

வராதே அம்மா. ஞாயிற்றுக்கிழமையும் வராதே, அதற்கு அடுத்ததும் வராதே. இப்போதுதான் கதவு வந்துவிட்டதே என்று நினைத்தும் வராதே. இந்தக் கதவு உனக்காக வைத்தது இல்லை. அவன் அழுகிற படம் அனுப்பினாலும், எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாலும், நானே போனில் வா என்று கூப்பிட்டாலும் வராதே. வாயாடி என்று கூப்பிடவில்லை என்றால் பக்கத்தில் அவன் நிற்கிறான் என்று புரிந்துகொள்.

அவன் என் பிள்ளை. அவன் தட்டில் சோறு குறைந்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. அவன் திருந்த வேண்டும், மருத்துவரிடம் போக வேண்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு நீ இந்தக் கண்ணாடிக்குள் வந்து உட்கார வேண்டியதில்லை. சாயங்காலம் அவன் வந்து கதவைப் பார்ப்பான். என்ன நடக்கும் என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சரை அந்த நேரத்துக்கு இங்கே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.

நீ எங்கே இருந்தாலும் நிம்மதியாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, உன் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் பாடம் நடத்து. நன்றாக இருப்பாய்.

செருப்பைத் திருப்பித் தர வேண்டாம், நீயே போட்டுக்கொள். நான் வேறு ஒரு ஜோடி வாங்கி, புதுக் கதவுக்கு வெளியே, அந்தப் பழைய படியில் விட்டிருக்கிறேன்.

உன் அத்தை